விருந்தாளிக்குத் தராத தண்ணீர்

என் மேசையில் இன்னும் அந்த பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. 'கேம்பல் பே, சுபேதார் வீட்டுக் கிணறு' என்று மேடம் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு மங்கிவிட்டது. உள்ளே பாதித் தண்ணீர். அந்தக் கிணற்றுக்கும் அந்தத் தண்ணீருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மேடம் அந்தமானில், போர்ட் பிளேரில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானி, திருச்சிக்காரர். நான் அதே ஊரின் ஷாதிபூரில் பிறந்து வளர்ந்து அவரிடம் வேலை பார்த்தவன். சுனாமியில் கடல் ஏறி உப்பாகிப்போன நிக்கோபார் தீவுக் கிணறுகள் மழையால் தேறுகின்றனவா என்று பார்க்க, வருடந்தோறும் ஹேடோ துறைமுகத்தில் கேம்பல் பேய்க்குக் கப்பலேறுவோம். பட்டாளத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய சுபேதார் காலமான பிறகும் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, அந்த வீட்டை விடவில்லை. குடிக்க லாரித் தண்ணீர், மழை பெய்தால் டிரம்மில் பிடித்த தண்ணீர். கிணறு தேறியது என்று நாங்கள் எழுதினால் லாரி நின்றுவிடும். அதனால் மேடம் எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துத்தான் எழுதுவார்.

ஒரு வருடம் கப்பல் ஆட்டத்தில் மேடம் துவண்டுபோய் வந்தார். "நீங்க உக்காருங்க, நான் ரொப்பித் தர்றேன்" என்று அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். உப்பு அளக்கும் மீட்டர் நல்ல தண்ணீர் என்றது. மேடம் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. அன்றே அறிக்கை எழுதி முடித்தார். மறுநாள் செய்தி சொல்லப் போனபோது, ஆசையாகக் கிணற்றில் வாளி விட்டு ஒரு வாய் குடித்தார். குடித்த வேகத்தில் துப்பினார்.

"அக்கா, நேத்து எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"டிரம் தண்ணிதான் மேடம். போர்ட் பிளேர் வரைக்கும் போற தண்ணியாச்சே. வீட்டுக்கு வந்த மெஹ்மான் கையில கெணத்து நமக் பானிய, உப்புத் தண்ணியயா குடுத்து அனுப்புவேன்? ஷரம் இல்லியா, வெக்கம் இல்லியா எனக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, மேடத்துக்கு வரவில்லை. "என் அவசரத்துல இவங்க லாரிய நிறுத்தப் பாத்தேனே" என்று அறிக்கையை அங்கேயே கிழித்தார். அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கிணற்றிலும் கயிறு எங்கள் கையில்தான்.

மேடம் ஓய்வுபெற்று மெயின்லேண்ட் போய்விட்டார். போன மாதம் நான் தனியாகப் போனேன். வாளியை நானே விட்டேன். மீட்டர் நல்ல தண்ணீர் என்றது. நம்பாமல் மறுபடி இறைத்து அளந்தேன், அதேதான். அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். வாளியோடு அடுப்படிக்குப் போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

கப்பலேறுமுன் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"கயிறு யாரு இழுத்தா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி.

"நான்தான் மேடம்."

"ஒரு மழைய நம்பி எழுதிடாதீங்க. கோடையிலயும் பாருங்க. அதுவரைக்கும் லாரி வரட்டும்."

"சரி மேடம். அக்கா அந்தத் தண்ணியில எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க."

"அவங்களாவா போட்டாங்க?" என்று கேட்டார்.

பழைய பாட்டிலின் பக்கத்தில் புதியதை வைத்திருக்கிறேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். புதியதில் இருப்பது கிணற்றுத் தண்ணீர்.