ஒன்பது கை

சாக்கின் கட்டை அவிழ்த்ததும் செந்தாமரை முழங்கை வரை கையை உள்ளே விடுவாள். அடியில் கிடக்கும் சாமையை ஒரு பிடி அள்ளி, ஊதிவிட்டு, நாலைந்து மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பாள். நொறுங்கினால், விளைவித்தவர் பெயரைச் சீட்டில் எழுதிச் சாக்கில் போடுவாள். நசுங்கினால், "இன்னும் ரெண்டு வெயில் காட்டி எடுத்துனு வா" என்று திருப்பிவிடுவாள். போன மாதம் சொந்தக் கொழுந்தன் கோவிந்தனின் சாக்கே திரும்பிப் போனது. அவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் ஜீப்பேறித் திருப்பத்தூருக்கு இறங்குகிறாள். அங்கே நாற்பது வாடிக்கை வீடுகள். நடுவில் வியாபாரி கிடையாது. "போன தபா குடுத்தியே பச்சையம்மா சாமை, அதையே குடு" என்று பெயர் சொல்லிக் கேட்கும் அளவுக்கு அந்தச் சீட்டு வேலை செய்திருக்கிறது.

தோள் வலியில் அவளுடைய வலது கை மட்டும் காதுக்கு மேலே எழும்பாது. தலையை இடது கையால்தான் வாருகிறாள். ஊரில் உமி நீக்க மிஷின் இல்லை, உலக்கைதான்.

அந்த மிஷின் விஷயமாகத்தான் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கோகுல்ராஜ் வந்திருந்தார். விளைகிற இடத்திலிருந்து சாப்பிடுகிற வீடு வரை எத்தனை கை மாறுகிறது என்று ஊர் ஊராகக் கேட்டுக் குறிக்கிறார். கை குறைவாக உள்ள ஊருக்கு மிஷின்.

செந்தாமரை சுண்டுவிரலில் தொடங்கி மடக்கினாள். "வெதைச்சவன், களையெடுத்தவ, அறுத்தவ, போரடிச்சவன், குத்துனவ, பொடைச்சவ, கல்லு பொறுக்குனவ, ஜீப்புல ஏத்துற சிங்காரம், அப்பால நானு. ஒம்போது சார்."

கோகுல்ராஜின் விரல் கைபேசித் திரைமேல் அப்படியே நின்றது. "அக்கா, வாங்கி விக்கிற கைய மட்டும் சொல்லுங்க. அது ஒண்ணுதான். நீங்க."

"அப்ப குத்துறது இன்னா, காலா?"

முறத்துடன் உட்கார்ந்திருந்த பச்சையம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "ஒம்போதுன்னு போட்டா மிஷின் வேற ஊருக்குப் போய்டுங்க்கா."

செந்தாமரை தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். மிஷின் வேண்டும். ஆனால் குத்துகிற கைக்காக வரும் மிஷினை, அந்தக் கையே இல்லையென்று சொல்லியா வாங்குவது?

"ஒண்ணுன்னே போட்டுக்க சார். கீழ எழுத எடம் கீதா?"

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு."

"அதுல எட்டு பேரும் எழுது. நான் சொல்றேன்."

அவள் மறுபடி விரல் மடக்கி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். போரடித்த கை என்று கோவிந்தன் பெயரும் வந்தது. கடைசியில் தனக்கும் ஒரு விரலை மடக்கினாள். எழுதி முடித்தவர் முன்னால் பச்சையம்மா சாமைச் சோற்றுத் தட்டை வைத்தாள். கோகுல்ராஜ் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டு, கை கழுவிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தார்.

பத்தாவது கை என்று செந்தாமரை மிச்சமிருந்த கட்டைவிரலையும் மடக்கிக்கொண்டாள்.