எந்த டவர் எத்தனை பாகம்

கடலோரத்துப் பெரியதாழைக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே என் செல்போன் செத்துவிட்டது. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை, சிக்னல்தான் இல்லை. சாத்தான்குளத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றாலும் கணீரென்று கேட்ட அதே கம்பெனி, இங்கே வாடகை வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. கணக்கு டீச்சர் வேறு. ஒன்று சரியில்லை என்றால் உடனே அடித்துவிட்டு வேறு போட வேண்டும் எனக்கு.

ஆசிரியர் அறையில் யோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இயற்பியல் சார் ஒரு கம்பெனிக்காகப் பேசினார், தமிழம்மா இன்னொன்றுக்காகப் பேசினார். ஆளுக்கொரு சபையைச் சேர்ந்தவர்கள் மாதிரி என்னைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஞானஸ்நானமே கொடுத்திருப்பார்கள். ஆனால் இருவரும் தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இந்த ஊரில் எந்த சிக்னல் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஊர்க்காரர்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லிப் பேசுவதே இல்லை. டவர் எங்கே நிற்கிறதோ அதுதான் பெயர். ஊருக்கு வடக்கே செம்மணல் மேட்டில் நிற்பது தேரிக்காரன். கோயிலுக்குப் பின்னால் நிற்பது கோயில்காரன். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, மெயின் ரோட்டோரம் நிற்பது ரோட்டுக்காரன். நான் ரோட்டுக்காரனைச் சேர்ந்தவள் என்று தெரிந்ததும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

தினமும் காலை ஒன்பதரைக்குள் பிள்ளைகளின் வருகைப் பதிவை ஆப்பில் ஏற்றியாக வேண்டும். அதற்காக நான் பள்ளிக்கூடத்து மொட்டை மாடிக்கு மூச்சு வாங்க ஏறுவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் ரோட்டுக்காரன் கிடைப்பான். அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கீழே கடற்கரை முழுவதும் தெரியும். அப்படித்தான் ஒரு நாள், அடுத்த வீட்டு அக்கா, மீன் ஏலம் போடுகிற இடத்தை விட்டு விலகி, தனியாக மணலில் உட்கார்ந்து தன் போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், பள்ளிக்கூடம் விட்டதும் கேட்டுவிட்டேன்.

"மிஸ்டு கால் எண்ணுதேன் டீச்சர்," என்றார்.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் வைத்திருந்தார். அவரோடு சேர்த்து நாலு பேர் விடியுமுன் போய், காலை பத்து பதினோரு மணிக்குத் திரும்புவார்கள். பெரிய விசைப்படகுகளில் வயர்லெஸ் இருக்கும். இந்தச் சின்ன வள்ளத்தில் செல்போன்தான் எல்லாம். முந்தின வருஷம் ஒரு நாள், மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று திடீரென்று பெலத்தபோது, அக்கா கரையில் நின்று போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். போகவே இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வள்ளம் நல்லபடியாக வந்துவிட்டது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை அக்கா மறக்கவில்லை.

"இனி ஒருக்கா அப்புடி நிக்க எனக்குத் தெம்பு கெடையாது டீச்சர்," என்றார். "அதான் எவன் எது வரைக்கும் வாரான்னு பாத்துருவோம்னு இறங்கிட்டேன்."

அவர் பார்த்த விதம்தான் என்னை அசர வைத்தது. மூன்று பழைய பட்டன் போன்களில் மூன்று கம்பெனி சிம்களையும் போட்டு, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மூன்றையும் ஒரே வள்ளத்தில் அனுப்பினார். கடலில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கரைக்குத் திரும்பும்போது இருபது பாகத்தில் தொடங்கி, இரண்டு பாகத்துக்கு ஒரு தடவை மூன்று போனிலிருந்தும் அண்ணன் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எந்த எண்ணிலிருந்து முதல் கால் எத்தனை மணிக்கு வந்தது என்பது அக்காவின் போனில் இருக்கும். அந்த நேரத்தில் வள்ளம் எத்தனை பாகத்தில் நின்றது என்று அண்ணன் கரையேறியதும் கேட்டு, கிழித்த தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். காற்று எப்படி, வானம் எப்படி என்பதையும் பக்கத்திலேயே குறிப்பார்.

"மீன் புடிக்கப் போறேனா, இவளுக்கு மிஸ்டு கால் குடுக்கப் போறேனான்னு எனக்கே தெரியல டீச்சர்," என்று அண்ணன் என்னிடம் அலுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள்கூடக் கொடுக்காமல் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவிர்த்துப் பன்னிரண்டு நாள் இது நடந்தது. ஒரே வள்ளம், ஒரே கை, ஒரே நேரம், மாறுவது கம்பெனி மட்டும். வகுப்பில் இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு பீரியட் ஆகும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தின அக்கா, மீன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தார். நானோ நாலு பேர் பேச்சைக் கேட்டு சிம் வாங்குகிற ஆள். பெருமையும் வெட்கமும் எனக்கு ஒன்றாக வந்தன.

முடிவு இதுதான். தேரிக்காரன் பதினெட்டுப் பாகம் வரை வந்தான். கோயில்காரன் பதினாறு. என்னுடைய ரோட்டுக்காரன் பத்தைத் தாண்டவே இல்லை.

"அப்போ தேரிக்காரன்தான். விடை வந்துட்டுது," என்றேன் நான்.

அக்கா சிரித்தார். "எவன் பெரியவன்னு பாக்கதுக்கா இத்தன பாடு பட்டேன்? எவன் எங்கன நிப்பான்னு தெரிஞ்சிக்கிடணும்லா. மூணும் வேணும் டீச்சர்."

எனக்கு அது விளங்கவில்லை. மூன்று விடை உள்ள கணக்கை நான் நம்புவதில்லை.

அந்த மாதமே தேரிக்காரனின் ஆள் ஒருவர் டையெல்லாம் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வலை காயப்போடுகிற இடத்தில் குடையை விரித்து உட்கார்ந்து, எல்லா வள்ளக்காரர்களும் சேர்ந்து தங்கள் கம்பெனிக்கு மாறினால் ஊருக்கென்று தனிச் சலுகை தருவதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரியாதையாகப் பேசினார், சொன்னதும் உண்மைதான். அக்காவின் தாளில்கூட அவர்கள்தானே முதல். கூட்டம் ஏறக்குறைய தலையாட்டிவிட்டது. அப்போதுதான் அக்கா எழுந்தார்.

"தேரிக்காரன் நல்லவந்தான், நானே எழுதி வச்சிருக்கேன். ஆனா அவன் ஒரு நாள் படுத்துட்டாம்னா? ஊர்ல உள்ள அத்தன வள்ளத்தையும் ஒரே கயித்துல கட்டுவியளா?" என்று கேட்டார். "ஒரு வள்ளத்துல நாலு பேரு போறிய. நாலு பேர்ட்டயும் ஒரே சிம்மு எதுக்கு? ஆளுக்கு ஒண்ணா வச்சிக்கிடுங்க."

யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "ஏளா, நீ என்ன டவர் இன்ஜினியரா?" என்று கேலி செய்தார். அக்கா கோபப்படவில்லை. பன்னிரண்டு தாள்களையும் அவர் கையில் கொடுத்து, "வாசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார். அவர் வாசித்தார். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. டை கட்டியவரும் எட்டிப் பார்த்து, தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார். அன்று முதல் எங்கள் தெரு வள்ளங்களில் மூன்று சிம்மும் போகத் தொடங்கின.

அதே வாரம் அக்கா என்னிடம் வந்தார். "டீச்சர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே? உங்க சிம்ம மாத்திராதிய. கடல்ல மூணும் இருந்து என்ன, கரையிலயும் மூணும் இருக்க வேண்டாமா? எம்போன்ல ரெண்டுக்குத்தான் இடம். வள்ளம் போயிட்டா தெருவுல ரோட்டுக்காரன் உங்கட்ட மட்டுந்தான் இருக்கு."

சரி என்று சொன்னேன். முழு மனதோடு சொன்னேன் என்றால் பொய். என் போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம். இரண்டு போன் தூக்கித் திரிய எனக்கு இஷ்டமில்லை. வருகைப் பதிவு தாமதமாகிறது என்று தலைமையாசிரியை இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. யாருடைய வள்ளத்துக்கோ நான் ஏன் மாடி ஏற வேண்டும் என்று மனசுக்குள் கத்தினேன். நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறுவதற்கான குறுஞ்செய்தியை அனுப்பினேன். குறியீடு வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போய் தேரிக்காரனுக்கு மாறிவிடுவதாகக் கடைக்கார அண்ணாச்சியிடமும் சொல்லிவைத்தேன். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தேரிக்காரனும் கோயில்காரனும் சேர்ந்து படுத்துவிட்டார்கள். ரோட்டில் எங்கோ பைப் போடத் தோண்டியபோது இரண்டு பேருக்கும் பொதுவான கேபிள் அறுந்துவிட்டதாம். ஒன்பதரை மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து, கச்சான் பெலமாக வரப்போவதாகத் தகவல் என்று சொன்னார். கோயில் மைக்கில் உடனே அறிவித்தார்கள். பாதி வள்ளங்கள் கரையில் இருந்தன. அண்ணனின் வள்ளமும் இன்னும் ஆறேழும் வரவில்லை.

நான் மாடியில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்து படியேறினார். அண்ணனின் வள்ளத்தில் ரோட்டுக்காரன் சிம் வைத்திருந்தவரின் எண்ணை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் அழுத்தினேன். அதே குரல், அதே பதில். பத்துப் பாகத்தைத் தாண்டாதவன் என்று நாங்களே எழுதிவைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

"விடாதிய டீச்சர்," என்றார் அக்கா. கண் கடலிலேயே இருந்தது. "திரும்புற நேரந்தான். ஒவ்வொரு நிமிசத்துக்கும் கொஞ்சம் கிட்ட வந்துகிட்டுதான் இருப்பாவ. போட்டுகிட்டே இருங்க."

பதினோராவது தடவை மணி அடித்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. போனை அக்காவிடம் நீட்டினேன்.

"ஏங்க, கேக்கா? கச்சான் பெலமா வாரதா மைக்குல சொல்லுதாவ. வலைய விட்டுட்டாவது வந்துருங்க!"

"வாரோம்ளா! கிட்ட நிக்க வள்ளத்துக்கெல்லாம் துணிய வீசிச் சொல்லிருதேன்," என்று, போனை வாங்கிக்கொண்ட அண்ணனின் குரல் எனக்கே கேட்டது.

"எத்தன பாகத்துல நிக்கிய?"

"பதினாலு!"

அதோடு அறுந்துவிட்டது. அக்கா மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வருகைப் பதிவு ஏறவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாக எல்லா வள்ளங்களும் வந்து சேர்ந்தன. கடைசி வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றிய கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. மணல் முகத்தில் அறைந்து, கண்ணைத் திறக்க முடியவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நன்றி, கண்ணீர் என்று ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன் என்று நினைக்கிறேன். அக்காவோ அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய காலண்டர் தாள்களை எடுத்துக் கீழே பரப்பி வைத்திருந்தார். புதுத் தாள் ஒன்றில் எழுதினார்: ரோட்டுக்காரன், பதினாலு பாகம், காத்துக்கு முந்தி, பள்ளிக்கூடத்து மாடி.

"பத்துதான்னு முடிவு பண்ணிருந்தோம் டீச்சர். பாருங்க, தப்பு," என்றார்.

"அக்கா, நான் இன்னைக்குச் சாயங்காலம் சிம்ம மாத்துறதா இருந்தேன்," என்றேன்.

"தெரியும். கடைக்கார அண்ணாச்சி நேத்தே சொல்லிட்டாரு." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து என் கையில் வைத்தார். "உங்களுக்கும் உங்க வேல இருக்குல்லா. அதான் நேத்து ராவே ரோட்டுக்காரன் சிம் ஒண்ணு எழுதிக்குடுத்து வாங்கிட்டேன். காலையில பாத்தா இன்னும் உயிர் வரல. அதான் உங்ககிட்ட ஓடிவந்தேன்."

ஒரு குறை சொல்லவில்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. நான் வாக்கு மாறுவேன் என்பதையும் கணக்கில் சேர்த்து, அதற்கும் ஒரு வழி செய்துவைத்திருந்தார். நான் தலை குனிந்து, உயிரில்லாத அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரை மாதிரி ஒரு தெளிவு எனக்கு இந்த ஜென்மத்தில் வரப்போவதில்லை என்று அப்போது தெரிந்தது.

கடைக்கு நான் போகவில்லை. குறியீடு நாலு நாளில் காலாவதியாகிவிட்டது. அக்கா வாங்கிய சிம் மறுநாள் மத்தியானம் உயிர் பெற்றது. முதல் கால் எனக்குத்தான் போட்டார். இப்போதும் தினமும் காலையில் மாடி ஏறுகிறேன். எங்கள் தெருவில் ரோட்டுக்காரனுக்கு நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.