தேறாதக்கா வெட்டச் சொன்ன வரிகள்

எங்கள் சட்டைக் கம்பெனிச் சுவரில் ஒரு அறிவிப்பு உண்டு. 'நிராகரிக்கப்பட்டவை மறுநாள் காலை மறுமதிப்பீடு செய்யப்படும்.' இந்த மறுமதிப்பீடு என்ற சொல்லை எங்களில் ஒருத்தியும் வாயால் சொன்னதில்லை. 'திரும்பப் பார்க்கிறது' என்போம், அவ்வளவுதான். சட்டைக்குப் பதில் மனிதரைத் திரும்பப் பார்த்தால் பேச்சே வேறு. 'அவனைக் குறைச்சு எடை போட்டுட்டேன்', 'ஆளு லேசுப்பட்டவ இல்ல போல', இல்லாவிட்டால் 'சே, இவ்ளோதானா நீ?' என் அண்ணிக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். 'வெட்டிடு.'

அண்ணி என் அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருஷமாக அங்கே செக்கர். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள், பிழை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள், தைத்தவள் நம்பரை நோட்டில் எழுதி எதிரே 'தேறாது' என்று போடுவாள். அதனால் அவளுக்குப் பட்டப்பெயரே தேறாதக்கா. மறுநாள் பார்த்துச் சட்டை சரி என்று தெரிந்தால், சூப்பர்வைசர் முன்னால் அந்த வரியை வெட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். வெட்டு அதிகமானால் செக்கர் பெயர் கெடும். அதற்காகவே மற்ற செக்கர்கள் மறுநாள் பார்த்த மாதிரி பாவனை செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணி ஒவ்வொன்றையும் பார்ப்பாள், தேவையானால் வெட்டுவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரைச் சரியான கஞ்சன் என்று ஆறு வருஷம் திட்டியவள், அண்ணனுக்கு நெஞ்சு வலித்த அன்று அவர் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துவிட்டு வந்து, "அவரைப் பத்திச் சொன்னேன்ல, வெட்டிடு" என்றாள். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை.

நான் அதே கம்பெனியில் காலர் தைப்பவள். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஆனாலும் சொந்தச் சம்பளம் கையில் இருப்பதால்தான் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட்டு வந்தேன். அது போனால் நான் என்ன ஆவேன் என்று நினைக்கவே பயமாக இருக்கும்.

போன வருஷம் பள்ளிக்கூடச் சீருடைக்கு வெள்ளைச் சட்டை ஆர்டர் வந்தது. காலர் முழுக்க என் பொறுப்பு. முதல் நாளே என் சட்டைகளில் ஒன்பது தேறாது. மறுநாள் பதினொன்று. மூன்றாம் நாள் பன்னிரண்டு. அண்ணி திரும்பப் பார்த்தும் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: காலர் ஓரத்தில் தையல் இரண்டு வரிசையாக விழுந்திருக்கிறதாம். சூப்பர்வைசர் கூப்பிட்டு, இன்னும் ஒரு நாள் இப்படி வந்தால் மிஷினை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான் என்றார்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணி, வீட்டு ஆளுன்னு சலுகை காட்டச் சொல்லல. இல்லாத தப்பை ஏன் எழுதுறீங்க?"

"கண்ணால பார்க்குறதைத்தானே எழுதுறேன்."

"என்ன பார்த்தீங்க? பதினெட்டு வருஷமா தைக்கிறேன், ஒரு வரிசை எது ரெண்டு வரிசை எதுன்னு எனக்குத் தெரியாதா? நகத்தை வெச்சு ஓட்டிப் பாருங்க! என்னை வீட்டை விட்டுத் துரத்தணும்னா நேரா சொல்லிடுங்க!"

சொல்லியிருக்கக் கூடாது. கோபம் வந்தால் எனக்கு நாக்கில் எலும்பே கிடையாது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள். இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நான் கம்பெனிக்குப் போவதற்குள் அண்ணி ஜன்னலோரம் நின்றிருந்தாள். மேஜையில் என் முப்பத்திரண்டு சட்டைகள். ஒரு காலரை எடுத்து இடது கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் மூடிக்கொண்டு தையல்மேல் நகத்தை மெதுவாக ஓட்டினாள். அடுத்த சட்டை. அதற்கடுத்த சட்டை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, விடுங்க. நானே மிஷினை விட்டு எழுந்துக்குறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"போடி அந்தப் பக்கம்" என்றவள், நோட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள். அறுபது மிஷினும் நின்று பார்த்தது.

"சார், காலர்ல தப்பில்ல. என் வலது கண்ணுல ஒரு கோடு ரெண்டா தெரியுது. நகம் வெச்சுப் பார்த்தா ஒரு வரிசைதான் இருக்கு. முப்பது வரியை வெட்டிடுங்க. ரெண்டு சட்டை நிஜமாவே தேறாது, அதை அப்படியே வெச்சுடுங்க."

அந்த இரண்டையும் விட்டிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்! மனுஷி மாறவே மாட்டாள்.

சூப்பர்வைசர் நல்லவர்தான், ஆனால் கண் தெரியாத செக்கரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? முப்பது வரிகளையும் வெட்டினார். என் மிஷின் எனக்குத் தங்கியது. அண்ணியைப் பிசிறு வெட்டும் பிரிவுக்கு அனுப்பினார். பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு நடுவில், கையில் சின்னக் கத்தரிக்கோலோடு, தேறாதக்கா உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். என் மிஷினிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும். அன்று ஒரு காலர்கூட என்னால் நேராகத் தைக்க முடியவில்லை.

கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னார். இரண்டு கண்ணிலும் இருந்தது, வலதில் முற்றிவிட்டது. ஆபரேஷனுக்கு நான்தான் கூடப் போனேன், அண்ணன் லாரியோடு வெளியூரில் இருந்தான். மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தார். அண்ணி சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அண்ணி, தெரியலையா?" எனக்கு உயிரே போய்விட்டது.

"தெரியுது." கையை நீட்டி என் காதோரத்தைத் தொட்டாள். "உனக்கு எப்போடி இவ்ளோ நரைச்சுது?"

"அது ஆச்சு பத்து வருஷம்."

"எனக்குத் தெரியவே இல்லையே. நான் கல்யாணமாகி வந்தப்போ ரெட்டைப் பின்னலோட வாசல்ல நின்னியே, அந்தப் பொண்ணுன்னே நெனச்சுக்கிட்டு அதட்டிக்கிட்டு இருந்துட்டேன்." அவள் உதடு நடுங்கியது. "எங்கூடவே இருந்து கிழவியாயிட்டியேடி."

நர்ஸ் பதறிப்போய், "அம்மா, அழக் கூடாது, கண்ணு ஈரமாகக் கூடாது" என்றார்.

"அவங்க அழல சிஸ்டர்" என்றேன் நான், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவங்களுக்கும் சேர்த்து நான் அழுதுக்குறேன்."