செம்பியனுக்கு ஒரு ஜாமீன்

சிதம்பரத்துச் செம்பியனுக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்த கையோடு, இலங்கைத் தமிழர் முகாம்களில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சட்டமும் சலுகையும் எடுத்துச் சொல்லும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்தான். மூன்றாம் மாதமே தன்னைப் பாதி வக்கீலாக நினைத்துக்கொண்டான்.

முகாமிலேயே பிறந்த துஷாந்தினிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மறுநாளுக்குள் முகாம் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அது போய்விடும். அதை வாங்க இருவரும் கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்கள். வழிநெடுக அவன்தான் பேசினான்.

"கேட்டுலயே மடக்குவாங்க. அதக் குடு, இதக் குடும்பாங்க. பயப்படாத, நான் பேசிக்கிறேன்."

அலுவலக வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்டார். துஷாந்தினி பிளாஸ்டிக் கவரைத் திறந்து அகதி அட்டை, வெளியே வர முகாமில் வாங்கிய அனுமதிச் சீட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் என்று நீட்டினாள். செம்பியன் எல்லாப் பாக்கெட்டையும் தடவினான். ஆதார் வீட்டில் வேறு சட்டையில் இருந்தது. போனிலும் சார்ஜ் இல்லை.

"நீ போம்மா. தம்பி, நீ யாரு?"

செம்பியன் மறுபடியும் சட்டைப் பாக்கெட்டைத் தடவினான்.

"என்னோட வந்த அண்ணா சார். நல்ல ஆள்தான், நான் பொறுப்பு" என்றாள் துஷாந்தினி.

காவலர் சிரித்துவிட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை உள்ளே விட்டார். அங்கும் அவளே பேசினாள். அரை மணியில் சான்றிதழ் கைக்கு வந்தது.

திரும்பும்போது அவனிடம் ஒரு காலிக் கவரை நீட்டினாள். "ஆதார் அட்டைய இதுல போட்டு வையுங்க அண்ணா."

அன்றைய அறிக்கையில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று செம்பியன் எழுதினான். யார், யாருக்கு வழங்கினார்கள் என்பதை எழுதவில்லை.