தூசி இழுக்க வாங்கிய மெஷின்

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போன நாலாவது வருஷம் எங்கள் தச்சுப் பட்டறைக்கு உப்புத்தாள் மெஷின் வாங்கினோம். வட்டத் தகட்டில் உப்புத்தாளை ஒட்டி மோட்டாரில் சுழலவிட்டு, மரத்தை அதில் வைத்துத் தேய்க்க வேண்டும். கையால் ஒரு நாள் முழுக்கத் தேய்க்கிற நாற்காலிக் காலை அரை மணியில் முடித்துவிடும். அதுவரைக்கும் சந்தோஷம்தான்.

கையால் தேய்த்தால் தூள் கீழே விழும். மெஷினில் தேய்த்தால் காற்றில் எழும்பி நிற்கும். ஈட்டி மரத்தூள், முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி இருக்கும். சோற்றில் இருந்தது. வேட்டி மடிப்பில் இருந்தது. காறித் துப்பினால் எச்சில் கருஞ்சிவப்பாக வந்தது.

பட்டறையில் இரண்டே பேர். நானும் என் மனைவியின் தம்பியும். நான் அறுப்பேன், இழைப்பேன், பூட்டுவேன். தேய்ப்பும் பாலீஷும் மச்சினன் வேலை. அவன் தேய்த்த மேசையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்று சொல்லுவார்கள். மெஷின் வந்த எட்டாம் மாதம் அவனுக்கு இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார்.

"தூசியில நிக்காதே. நின்னா, இன்னும் ரெண்டு வருஷத்துல மாடிப்படி ஏற மாட்டே" என்றார்.

வெளியே வந்ததும் மச்சினன், "நம்ம பட்டறையில மாடியே இல்லியே மாமா" என்றான்.

என் மனைவி சிரிக்கவில்லை. அவனுக்குத் தேய்ப்பைத் தவிர வேறு தொழில் தெரியாது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

"ஒண்ணு தூசிய நிறுத்துங்க, இல்லன்னா அவன நிறுத்துங்க" என்றாள்.

அவனை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. தூசியை நிறுத்தலாம் என்று அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் தெருவில், ஒரு பிரெஞ்சு மதாம் தன் ஊருக்குத் திரும்பப் போவதால் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு அலமாரிகளுக்கு நான்தான் கதவு பூட்டியவன். அவளிடம் வீடு சுத்தம் செய்கிற மெஷின் ஒன்று இருந்தது. அஸ்பிராத்தேர் என்றாள். உருண்டையாக, ரப்பர் குழாயோடு, நாய்க்குட்டி மாதிரி இருந்தது. கம்பளத்தில் மாவைக் கொட்டி ஓட்டிக் காட்டினாள். ஒரு பொட்டு மிச்சமில்லை.

நான் முன்பக்கத்தைப் பார்த்தேன். மச்சினன் மண்டி போட்டு, பின்பக்கம் காற்று வெளியே வருகிற இடத்தில் மூக்கை வைத்தான்.

"மாமா, இங்க வர காத்துல ஒண்ணுமே இல்ல. வாசனகூட இல்ல."

"பைய பாரு. உள்ளங்கை அகலம். நம்ம மெஷின் துப்பற தூளுக்கு அரை நாள் தாங்காதுடா. இது மதாம் வீட்டுத் தொடப்பம்."

பையைப் பற்றி நான் சொன்னது தப்பில்லை. அவன் மூக்கை வைத்த இடத்தைத்தான் நான் கவனிக்கவில்லை.

அடுத்து பஞ்சாலைக்குப் போனோம். பஞ்சுத் துகளை இழுக்கிற பழைய ஊதுகாத்தாடி ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அங்கே மெக்கானிக் எனக்குத் தெரிந்தவர். கம்பி கொடுத்து சுவிட்சைத் தட்டினார். என் தோளில் கிடந்த துண்டு பறந்து போய் அதன் வாய்க்குள் நுழைந்தது. நிறுத்திவிட்டு இரண்டு பேர் பிடித்து இழுத்தோம்.

"ஆளையே முழுங்கிடும் மேஸ்திரி. மச்சினன் ஒல்லியா இருக்காரு, பாத்துக்க" என்றார் மெக்கானிக்.

அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இழுப்பதுதானே வேலை. இதைவிட எது இழுக்கும்?

"இழுக்குது, சரி. எங்க கொண்டுபோய் விடும்?" என்று மச்சினன் கேட்டான்.

"ஒரு பைய கட்டி உட்டா ஆச்சு" என்றார் அவர்.

பைக்குத் துணி தேடினேன். மல்லுத்துணி, காடா, குருசுக்குப்பத்து மீனவர்கள் படகுக்குப் போடுகிற பாய்த்துணி, மூன்றிலும் பிடி பிடி தூளை முடிந்து, வெள்ளைத் தாளின் மேல் அடித்துப் பார்த்தேன். மல்லில் புகையாக வந்தது. காடாவில் கொஞ்சம் வந்தது. பாய்த்துணியில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்தேன். குப்பத்தில் பாய் தைக்கிற ஒருவரே ஆள் உயரத்துக்குப் பை தைத்துக் கொடுத்தார்.

"இதுல என்ன மீன் புடிக்கப் போறீங்க?"

"தூசி."

"வெல போவுமா?" என்றார்.

பையை வெளியே கட்டினால் மழை நனைக்கும். பக்கத்து வீட்டில் துணி காயப்போடுகிறார்கள், சண்டைக்கு வருவார்கள். அதனால் பட்டறைக்குள்ளேயே உத்தரத்தில் தொங்கவிட்டேன்.

ஊதுகாத்தாடியை வாங்கி வந்து, உப்புத்தாள் மெஷினுக்குப் பக்கத்தில் பூட்டி ஓடவிட்டதும் தரை சுத்தமாகிவிட்டது. சோற்றில் தூள் இல்லை. தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் துண்டை விழுங்கிய கதையைச் சொன்னேன். மச்சினனுக்கு விசில் மட்டும் நிற்கவில்லை.

"பழைய தூசி உள்ள இருக்குதில்ல, அது போவணும்" என்றேன்.

"ஆமாம் மாமா" என்றான். நம்பினானா, எனக்காகச் சொன்னானா, தெரியாது.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. ரம்பம், இழைப்புளி, உளி எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். தூசி மெஷினுக்கு அதுதான் முதல் பூஜை. என் மனைவி அதற்குப் பெரிய மாலையாகக் கட்டிப் பையின் கழுத்தில் போட்டாள்.

"பை ரொம்பிப் போச்சு மாமா. கொட்டிட்டு வந்துடட்டுமா?" என்றான் மச்சினன்.

"மாலை போட்டாச்சு. இப்ப அவிழ்க்கக் கூடாது. பூஜை முடிஞ்சு கொட்டலாம்."

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். நிற்கிற மெஷினுக்குக் கற்பூரம் காட்ட மாட்டோம். ஓடவிட்டு, ஓடும்போது அதன் வாய்க்கு நேராகக் காட்டுவோம். அறுக்கிற மெஷினுக்கு அப்படித்தான் காட்டினோம். உப்புத்தாள் மெஷினுக்கும் அப்படித்தான். தூசி மெஷினுக்கு மட்டும் வேறு மாதிரி செய்ய யாருக்குத் தோன்றும்?

நான் சுவிட்சுப் பக்கம் நின்றேன். மச்சினன் தட்டை ஏந்தி அதன் வாய்க்கு முன் நின்றான். மனைவி வாசல் பக்கம் பொரியோடு நின்றாள். சுவிட்சைப் போட்டேன்.

எரிகிற கற்பூரக் கட்டி தட்டிலிருந்து எழும்பியது. துண்டு போன வழியில் போனது.

பெரிய சத்தம் இல்லை. தொம் என்று ஒன்று, அவ்வளவுதான். பை பிளந்தது. உள்ளிருந்து நெருப்பு ஆள் உயரத்துக்கு வந்து அவனை மூடித் திறந்தது. அங்கே நிற்காமல் மேலே ஏறியது. உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாகத் தாவி, கடைசிச் சுவர்வரைக்கும் ஓடி, அணைந்தது. இதைச் சொல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. கீழே பெருக்கி வைத்த தரையில் ஒரு பொறி இல்லை. மேலே மட்டும் ஓடியது.

என் கை சுவிட்சிலேயே இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கிழிந்த பையிலிருந்து கங்கு கங்காக வீசியது. கையை அசைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, கை அசையவில்லை.

"ஏங்க! கைய எடுங்க! எடுங்கன்றேன்!"

மனைவிதான் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டு நிறுத்தினாள்.

மச்சினன் நின்ற இடத்திலேயே நின்றான். புருவம் இல்லை. மீசை இல்லை. வலது கையில் தோல் சட்டை கிழிந்த மாதிரி தொங்கியது. இடது கையில் தட்டு அப்படியே இருந்தது.

"அக்கா, தட்ட கீழ போடல" என்றான்.

ரிக்ஷாவில் கொண்டுபோனோம். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் பட்டறையைப் பூட்டிவிட்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடினால் நெருப்பு உத்தரத்தில் ஓடியது.

ஏழாம் நாள் மத்தியானம், அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபட வெகு நேரம் ஆனது. விசில் இல்லை. குனிந்து அவன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன். குழந்தை மூச்சு மாதிரி வந்தது.

பயந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்தேன். குழாய் வைத்துக் கேட்டார்.

"நல்லாதான் இருக்கு. இங்க தூசி இல்லியே" என்றார்.

"பட்டறையிலயும் இல்லீங்களே ஐயா. அதுக்குன்னே மெஷின் போட்டிருந்தேன்."

"இழுத்த காத்து எங்க போகும்?"

"பைக்குள்ள."

"பை எங்க?"

"பட்டறைக்குள்ள."

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

"பெரிய தூள்தான் பையில நிக்கும். பொடிசு துணி வழியா வந்துடும். நெஞ்சுக்குள்ள போறது அந்தப் பொடிசுதான்யா" என்றார்.

அன்றைக்கே பட்டறைக்குப் போய் ஏணி போட்டு ஏறினேன். ஒரு மூலையில் மட்டும் உத்தரம் எரியாமல் இருந்தது. விரலால் வழித்தேன். விரல் புதைந்தது. கையில் உரசினால் தூள் என்றே தெரியவில்லை, எண்ணெய் மாதிரி வழுக்கியது. இதைத்தான் நெருப்பு கடைசிவரைக்கும் பிடித்துக்கொண்டு ஓடியது. இத்தனை நாள் எங்கள் தலைக்கு மேலே இருந்தது. இதன் கீழேதான் அவனை நிறுத்தி, பழைய தூசி போகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவனிடம் சொன்னேன்.

"நீ இனிமே தேய்க்க வேணாம்."

"பைய வெளிய கட்டிக்கலாம் மாமா."

"கட்டறேன். பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரட்டும். ஆனா நீ அங்க நிக்காத."

"வேற என்ன தெரியும் எனக்கு?"

"வீட்டு வீட்டுக்குப் போயி அளவு எடுத்துட்டு வா."

"எழுத வராதே."

"எழுத வேணாம். நூல்ல முடிச்சு போட்டுக் கொண்டா."

கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிப் பார்த்தான்.

"எந்தக் கையால மாமா முடிச்சு போடறது?" என்று சிரித்தான்.

சிரித்தால் அவனுக்கு இருமல் வரும். ஒரு வருஷமாக அப்படித்தான். நான் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சிரித்து முடித்தான். இருமல் வரவில்லை.

"இன்னா மாமா அப்படிப் பாக்கிற?" என்றான்.