மூன்றாவது கட்டத்தின் கண்கள்

சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவர் எழும்பியபோது நான் ஐந்தாம் வகுப்பு. அவ்வளவு நீளமான வெள்ளைத் தாளை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுப்புக்கரியால் லாரி, கிரேன், ஹெல்மெட் போட்ட மனிதர்கள் என்று வரைந்துகொண்டே போவேன். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி போடுவேன். வெள்ளையடித்து அழித்தால் புதுத் தேதியோடு மறுபடி தொடங்குவேன். நடந்ததை நடந்தபடி வைத்துக்கொள்ளப் படம் போதும் என்று வளர்ந்த பிறகும் நம்பியிருந்தேன்.

பிறகு ஒரகடத்தில், வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே விபத்து நடந்தால் அதை நான்கு கட்டங்களில் படமாக வரைந்து போர்டில் ஒட்டுவார்கள். எனக்கு வரைய வரும் என்று தெரிந்ததும் அந்த வேலை என்னிடம் வந்தது.

ஒரு மழைக்காலத்தில், தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷினில் ஒருவனுக்கு விரல் நசுங்கியது. தூத்துக்குடிப் பக்கத்து ஆள், என் வயதுதான், என் லைன்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கவனக்குறைவு என்று முடிவானால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு கட்டங்களை வரைந்துவிட்டு மூன்றாவதில் நின்றேன். மெஷின் இறங்கிய நொடியில் அவன் கண் எங்கே இருந்தது?

"இது இன்னாப்பா பெரிய ஆராய்ச்சி?" என்றார் சூப்பர்வைசர். "வேற எங்கியோ பாத்துக்கினு இருந்தான்னு பக்கத்து மெஷின்காரனே சொல்றான். மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பி வுடு, வேலை முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை படப்பையில் அவன் ரூமுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தான்.

"திரும்பித்தாம்ல இருந்தேன்," என்றான். "காலையில இருந்தே மெஷின் அடிச்சு முடிச்சப்புறம் உள்ள சின்னதா 'டிக்'குன்னு இன்னொரு சத்தம். அதைக் கேக்கக் காதைக் கொண்டு போனேன். மூஞ்சி திரும்பாம எப்படில கேக்க? எனக்கென்ன காது நெத்தியிலயா இருக்கு?"

சிரித்துவிட்டேன். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. பராக்குப் பார்ப்பவனும் கூர்ந்து கேட்பவனும் படத்தில் ஒரே ஆள்தான். காதருகே வளைகோடுகள் போட்டுப் பார்த்தேன். போன் பேசுகிறவன் மாதிரி ஆகிவிட்டான்.

கடைசியில் கட்டத்தின் கீழே எழுதத் தொடங்கினேன். 'அவன்' என்று ஆரம்பித்தால் போலீஸ் ஸ்டேஷன் புகார் போல இருந்தது. அடித்துவிட்டு 'நான்' என்று எழுதினேன். கை தானாக ஓடியது. 'சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடையில் குடையை மறந்துவிட்டு வருவதுபோல, கையை அங்கேயே மறந்து வைத்துவிட்டேன்.'

சூப்பர்வைசர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ அப்போ அங்க இருந்தியா?"

"இல்ல சார். கேன்டீன்ல இருந்தேன்."

இன்னொரு முறை படித்தார். மெயின்டனன்ஸ் ஆட்களைக் கூப்பிட்டு, மற்ற மெஷின்களை நிறுத்தி, அந்த ஒன்றை மட்டும் யாரும் கை வைக்காமல் ஓட்டிக் காட்டச் சொன்னார். அந்த ஷெட் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை. நாங்கள் எல்லோரும் முகத்தை அப்பால் திருப்பி, மெஷின் பக்கம் காதை வைத்து நின்றோம். ஒருவர் கண்ணும் மெஷின்மேல் இல்லை. அடித்து முடித்த பிறகு, உள்ளே, 'டிக்'.

கவனக்குறைவு என்ற பேச்சு அதோடு நின்றது. காயம் ஆறியதும் அவன் அதே லைனுக்கு வேலைக்கு வந்தான். போர்டின் முன்னால் நின்று படித்தான்.

"ஏல, இந்தக் குடை விசயம் நான் சொல்லவே இல்லியே."

"ஆமா, சொல்லல."

"ஆனா அப்படித்தாம்ல இருந்துச்சு. ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எனக்குத் தெரியவில்லை. அதன்பின் எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். நான் பார்க்காத ஒன்று எப்படி உண்மையாக வந்து உட்காருகிறது என்ற பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

போர்டிலிருந்து எடுத்த அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. படத்தின் கீழே விபத்து நடந்த தேதி உண்டு. எழுத்தின் கீழும் போடலாம் என்று பேனாவை வைத்தேன். அவனுக்கு நடந்த நாளா, எனக்குள் நடந்த நாளா? அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.