என் தொழுகைத் தழும்பை வெட்டி எடுத்தார்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். வீரசோழன் ஊர் ஜமாஅத் சகோதரர்களே, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சைக்கிளில் மிளகாய் வத்தல் மூட்டை கட்டித் திருச்சுழிக்கு மிதித்தவன், இன்று மூன்று லாரி ஓட்டுகிறேன். யார் தயவும் இல்லை. என் நெற்றியில் இருந்த தொழுகைத் தழும்பு மாதிரி இந்த வட்டாரத்தில் ஒருத்தருக்கும் கிடையாது. அதைக் காட்டவே தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிப் போடுவேன்.

போன வருடம் அந்தத் தழும்பு வெடித்துப் புண்ணானது. நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்தால் பாயில் ரத்தம். தொழுகை கூடினால் அப்படித்தான் என்று பெருமையாகவே இருந்தேன். எட்டு மாதமாகியும் ஆறவில்லை.

என் வீட்டுக்காரி ஜைத்தூன்தான் விரட்டினாள். “ஊருக்கெல்லாம் காட்டுனது போதும். டாக்டருக்கு ஒருக்கா காட்டுங்க!”

மதுரையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். தோல் புற்றுநோய்.

டாக்டரம்மா விளக்கினார். மேலாகச் சுரண்டி எடுத்தால் அடியில் மிச்சம் நிற்கலாம். அதனால் சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்ட வேண்டும். ஓரம் சுத்தம் என்று சோதனையில் தெரிந்த பிறகு, காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். எலும்புக்குப் போயிருந்தால் பெரிய ஆபரேஷன்.

“மறுபடி நெத்திய தரையில வைக்க முடியுமாம்மா?”

“வெட்டிப் பாத்தாத்தான் தெரியும், பாய்.”

மரத்துப்போக ஊசி போட்டு, முகத்தைத் துணியால் மூடினார்கள். பேரத்தில் என்னை ஜெயித்தவன் இல்லை. அன்று கெஞ்சத்தான் முடிந்தது. துணிக்குள் அழுதேன். ‘யா அல்லாஹ், தழும்பை எடுத்துக்கொள். நெற்றியை உன் முன்னால் வைக்க மட்டும் விடு.’

ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. ஓரமெல்லாம் சுத்தம். எலும்பைத் தொடவில்லை. “அல்ஹம்துலில்லாஹ்!” நான் போட்ட சத்தத்தில் நர்சம்மா ஓடி வந்துவிட்டார்.

சொன்னபடியே தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடிக்கும்வரை நாற்காலியில் சைகையால் தொழுதேன். டாக்டரம்மா சரி என்ற பிறகு வந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நெற்றி பாயைத் தொட்டது. வலியில்லை, ரத்தமில்லை. கண்ணீர்தான் பாயை நனைத்தது.

பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் மச்சான் காசிம் கேலி செய்தான். “ஏலே, நெத்தி நேத்துப் பெறந்த பிள்ளை கணக்கா இருக்கு!”

“எனக்குப் பிடிச்ச மாதிரி எவனுக்குடா தோலு பிடிக்கும்?” என்றேன்.

இப்போது தொப்பியை முன்னுக்கு இழுத்துப் போடுகிறேன். வெயில் படக்கூடாதாம். ஜைத்தூனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சகோதரர்களே, ஆறாத புண்ணை அப்படியே விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், அல்லாஹ்விடம் கேளுங்கள். நான் கேட்டது நெற்றி வைக்க ஒரு இடம். ஐந்து வேளையும் தருகிறான்.